கேட்காமல் காட்டிய கை

இஸ்திரிப் பெட்டி என் இடது முன்கையில் பட்டது எனக்குத் தெரியவே இல்லை. கருகிய வாசனை வந்து குனிந்து பார்த்தபோது தோல் முக்கோணமாக வெந்திருந்தது. வலி இல்லை. பல மாதங்களாக அந்த இடத்தில் தேமல்போல் ஒரு வெளிறிய அடையாளம் இருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

கல்முனையில் வீட்டிலிருந்தே பெண்களுக்கு உடுப்புத் தைப்பவள் நான். புண்ணைப் பார்த்துக் கேட்டவர்களிடமெல்லாம் இஸ்திரிக் கதையைச் சொல்லிச் சிரித்தேன்.

புண் ஆறாததால் தோல் கிளினிக்குக்குப் போனேன். அங்கே டொக்டர் ஒரு பெண். என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டார். எப்போது தொட்டாரென்று என்னால் சொல்ல முடியவில்லை. தொழுநோய் (கிருமியால் வந்து தோலையும் நரம்பையும் கெடுக்கும் நோய்) என்றார். ஆறு மாதம் கூட்டு மருந்து (ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது) எடுத்தால் குணமாகும், மருந்து தொடங்கிவிட்டால் பிறருக்குத் தொற்றாது என்றும் சொன்னார். பிறகு, "கைய வெளிச்சத்துக்குக் காட்டுங்க" என்று போனில் படமெடுத்தார். சிகிச்சைக்கென்று நினைத்துக்கொண்டேன்.

கணவருக்கும், என் அக்கா ராத்தாவுக்கும் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

இரண்டாம் மாதம் எங்கள் பகுதிப் பெண்களுக்கு அதே டொக்டர் விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தினார். ராத்தாவோடு போனேன். திரையில் என் கை வந்தது, முக்கோணப் புண்ணோடு.

பின்னாலிருந்த ஒருத்தி, "இது நம்மட தையல்காரிட கையெல்லா?" என்றாள். ராத்தா என் அபாயாவைப் பிடித்து இழுத்தாள். "வா புள்ள, போவம்."

அந்தக் கிழமைக்குள் ஐந்து பேர் வெட்டாத துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள். ஒருத்தி படலைக்கு வெளியிலேயே நின்று, துணியை மதிலில் வைக்கச் சொன்னாள்.

நான் கிளினிக்குக்குப் போனேன்.

"உங்கட முகமோ பேரோ வரல்லயே," என்றார் டொக்டர். "சனங்க பயமில்லாம மருந்துக்கு வரணும். எல்லாருக்கும் நல்லதுக்குத்தானே செஞ்சன்."

"அந்த எல்லாருக்குள்ள நான் இல்லயா? கேட்டிரிந்தா ஓம் எண்டும் சொல்லியிருப்பன், வேணாம் எண்டும் சொல்லியிருப்பன். நீங்க கேக்கவே இல்லயே, டொக்டர்!"

அவர் படத்தை அழித்தார். மன்னிப்பும் கேட்டார், மூடிய அறைக்குள். எனக்கு அது போதவில்லை.

"ஆருக்கு முன்னால காட்டினீங்களோ, அவங்களுக்கு முன்னால சொல்லுங்க," என்றேன்.

அடுத்த கூட்டத்தில் சொன்னார். குரல் தாழ்ந்துதான் வந்தது, ஆனாலும் சொன்னார். பிறகு நான் எழுந்து என் சட்டைக் கையை நானே மடித்தேன்.

"இது என்ட கைதான். மருந்து குடிக்கிறன். ஒருத்தருக்கும் தொத்தாது. கேக்கிறத என்னட்டயே கேளுங்க."

நிறையக் கேட்டார்கள். முடிந்து வெளியே வந்தபோது ஒரு தாய் என்னைத் தனியாக அழைத்து, தன் முதுகில் ஓர் அடையாளம் இருப்பதாகச் சொன்னாள்.

துணியைத் திரும்ப வாங்கியவர்களில் இரண்டு பேர்தான் மறுபடி வந்தார்கள். என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இந்த நோயைப் பற்றி ஊர் பேசத்தான் வேண்டும். எங்கள் உடம்பை நடுவில் வைத்துக்கொண்டு எங்களை வெளியே நிறுத்திப் பேசுவது என்ன நியாயம்? இதே நோயோடோ அந்தச் சந்தேகத்தோடோ இதை வாசிப்பவர்களே, உணர்ச்சியில்லாத அடையாளம் இருந்தால் இன்றே போய்க் காட்டுங்கள். படமெடுத்தால், எதற்கென்று கேளுங்கள்.

மருந்து முடிந்துவிட்டது. அந்த இடம் மட்டும் மரத்தே இருக்கிறது. முன்பெல்லாம் காயத்தை உடம்பே சொல்லும். இப்போது தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு தையல் மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நானாகத்தான் தெரிந்துகொள்கிறேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழும்பமாட்டேன்.