ஜன்னலில் நின்ற ஒரு மணி நேரம்

மலேசியாவில், சுபாங் ஜெயாவில் ஷீலாவும் நானும் ஒரே ஆபீஸில் வேலை பார்த்தோம். இரண்டு வருடமாகக் காதலித்தோம். அவள் கிறிஸ்தவப் பெண் என்பதால் வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் அவள் வீட்டில் வேறு மாப்பிள்ளை பார்த்தார்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கிள்ளானில் கல்யாணம் என்று முடிவானது. ஆபீஸ் கிறிஸ்துமஸ் விருந்தில் அவளிடம், “எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடு, நான் பார்த்துக்கிறேன்” என்று பெரிதாகச் சொன்னேன்.

அவள் வந்துவிட்டாள். கல்யாணத்தன்று காலை, வெள்ளைப் புடவையோடு, பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ஃப்ளாட்டுக்குக் கீழே நின்றாள். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். போன் விடாமல் அடித்தது.

“யாருடா?” என்றார் அம்மா.

“ஆபீஸ்தான்மா.”

ஒரு மணி நேரம் கழித்துத்தான் கீழே இறங்கினேன். கீழே இருந்த சாப்பாட்டுக்கடையில், கடைக்கார அக்கா கொடுத்த தேநீரைத் தொடாமல் ஷீலா உட்கார்ந்திருந்தாள்.

“வெளிய போயிருந்தேன். ரோட்ல ஒரே டிராஃபிக் ஜேம் லா” என்றேன்.

“ஜன்னல்ல உன்னைப் பார்த்தேன்” என்றாள். அழவில்லை. கார் வரவழைத்து, செராஸில் இருந்த தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். பிறகு வேலைக்கும் வரவில்லை.

கல்யாணத்தன்று ஓடிப்போனவள் என்று ஆபீஸில் இன்றும் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். நானும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். என்னை நம்பித்தான் வந்தாள் என்று இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.