கதவில் குழாய் வைத்த பிரிட்ஜ்

சித்தப்பா வீட்டு பிரிட்ஜின் கதவில், நெஞ்சு உயரத்தில், பெருவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது. பழைய பனியன் துணியைச் சுருட்டி அதை அடைத்து வைத்திருக்கிறார். கதவைத் திறந்தால் உள்ளே கறி கிடையாது, மீன் கிடையாது, ஒரு பால் பாக்கெட் கூடக் கிடையாது. மேல் தட்டில் ஒரு கிளாஸ் தண்ணீர் மட்டும் இருக்கும். இதற்காக ஒரு பிரிட்ஜ் இரவும் பகலும் ஓடுகிறது. சித்தி செத்த பிறகு மனுசனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்கிறார்கள். கலங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் கேகாலையில் படிப்பிக்கப் போய் மூன்று வருடமாகிறது. ஒவ்வொரு லீவுக்கும் வரும்போது பையைக் கீழே வைக்கும் முன்னமே கூப்பிடுவார். "வந்து பாரு பாப்பா." நான் போய்த் தண்ணீருக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். "ஒறையல சித்தப்பா" என்பேன். பிறகுதான் அவர் தேத்தண்ணி போடப் போவார்.

அந்த பிரிட்ஜ் முதலில் எங்கள் ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தது. ஒற்றைக் கதவு, உள்ளே மேலே ஐஸ் பெட்டி, கறள் பிடித்த கால்கள். டிஸ்பென்சரியை நடத்திய டாக்டர் ஐயா ஓய்வில் போன பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. மருத்துவிச்சி அம்மா கிழமைக்கு ஒரு நாள் வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். உதவிக்கு என்று எடுத்த பெண் நான், மருந்துத் துண்டு எழுதுவது, புண் கழுவுவது, ஊசி போடுவது என்று எல்லாம் செய்துகொண்டிருந்தேன். எங்கள் டிவிசனில் இன்சுலின் போடுகிறவர்கள் மூன்று பேர். மூன்று பேர் வீட்டிலும் பிரிட்ஜ் இல்லை. கிளினிக்கில் கொடுக்கும் போத்தல்களை டிஸ்பென்சரியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, காலையும் மாலையும் வந்து போட்டுக்கொண்டு போவார்கள். போத்தலில் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதுவேன். ஒரு போத்தலில் மட்டும் 'சித்தி' என்றே எழுதியிருந்தேன். அம்மா குவைத்துக்குப் போனதிலிருந்து என்னை வளர்த்தது அவள்தான், அவள் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. மருந்து பற்றி டாக்டர் ஐயா எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: சூடு படக்கூடாது. குளிர் கூடினாலும் கெட்டுப்போகும் என்று அவர் சொல்லவில்லை. அல்லது சொன்னார், நான் காது கொடுக்கவில்லை. இப்போது அதை யாரிடம் போய்க் கேட்பது?

நாடு முழுக்கக் கரண்டு வெட்டிய அந்த வருடத்தில் பிரிட்ஜுக்குள் போத்தல்கள் வெதுவெதுப்பாகிக் கிடந்தன. தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையின் பங்களாவில் ஜெனரேட்டர் இருந்தது. "பிரிட்ஜை இங்கே கொண்டு வாங்க, மருந்து கெட்டுப்போகக் கூடாது" என்று பெரிய தொரைதான் சொன்னார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், அதை நான் மறைக்க மாட்டேன். நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் பங்களாவின் பின் விறாந்தையில் வைத்தார்கள். நான் காலையும் மாலையும் டிபன் பெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போய், மூன்று போத்தலையும் எடுத்து வந்து, ஊசி போட்டு முடித்து, திரும்பக் கொண்டுபோய் வைப்பேன். பங்களாவில் சமைக்கிற அப்பு அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்துச் சிரிப்பார். கரண்டு ஒழுங்காக வர ஆரம்பித்த பிறகும் பிரிட்ஜ் கீழே வரவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தொரை வீட்டுக்குப் போன சாமானைத் திருப்பிக் கேட்கும் பழக்கம் எங்களில் யாருக்கும் கிடையாது.

பிறகு பீர் ஆசை வந்தது. தொரையின் சிநேகிதர் ஒருவருக்குக் கொழும்பில் ஹோட்டல். அவர் ஒரு இரும்புப் பீப்பாயும், கேஸ் சிலிண்டரும், பித்தளைக் குழாயும் கொண்டுவந்து இறக்கினார். பழைய பிரிட்ஜுக்குள் பீப்பாயை வைத்து, கதவில் குழாயைப் பூட்டினால், கிளாஸைப் பிடித்த இடத்தில் குளிர்ந்த பீர் வரும் என்று போனில் படம் காட்டினார் தொரை. போயா பௌர்ணமிக்கு ஊரில் எல்லாச் சாராயக் கடையும் பூட்டு, பங்களாவில் மட்டும் குழாய் திறக்கும் என்று சொல்லிச் சிரித்தாராம். வேலைக்குக் கூப்பிட்டது சித்தப்பாவை. அவர் பெக்டரியில் வயர்மேன். எதையும் அவிழ்க்காமல் விடாத கை. 'பாஸ்' என்று, பெரிய மேஸ்திரியைக் கூப்பிடுகிற மாதிரி, தொரை வாயால் கூப்பிட்டால் அந்தக் கை சும்மா இருக்குமா?

மூன்று நாள் வேலை. கீழ்த் தட்டுகளையும் மரக்கறிப் பெட்டியையும் கழற்றிவிட்டு, பீப்பாயின் பாரம் தாங்க ரப்பர் மரப் பலகை அடித்தார். கதவில் கேஸ் ஓடும் குழாய் எதுவும் இல்லை என்று தட்டித் தட்டிப் பார்த்து, அதன் பிறகுதான் துளை போட்டார். சொட்டும் பீரைப் பிடிக்க ஒரு ரப்பர் பால் கோப்பையை வளைத்துக் குழாய்க்குக் கீழே பூட்டினார். எங்கள் மருந்துக்கு மேல் தட்டு மட்டும் மிஞ்சியது, ஐஸ் பெட்டிக்கு நேர் கீழே. சித்தி ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து சோறு போடும்போது கேட்டாள்:

"மருந்து இருக்கிற பொட்டியிலயா பீரு வச்சிருக்கீங்க?"

"அதுக்கு மேல் தட்டு, இதுக்குக் கீழ் தட்டு. ரெண்டுக்கும் சண்டையே வராது" என்றார் சித்தப்பா. நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

குழாயைத் திறந்த அன்று வந்தது முழுக்க நுரை. கோப்பை நிறைந்து வழிந்தது. "என்ன பாஸ், இங்கேயும் பால் வெட்டா?" என்று தொரை கேட்க, வந்திருந்த சிநேகிதர்கள் எல்லாம் சிரித்தார்களாம். சித்தப்பாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் விடியவே போய்ப் பார்த்து, குளிர் பத்தவில்லை, அதுதான் நுரை என்று கண்டுபிடித்தார். உள்ளே இருந்த, குளிரைக் கூட்டிக் குறைக்கும் கறுப்புத் திருகியை மூன்றிலிருந்து கடைசி நம்பருக்குத் திருப்பினார். சாயங்காலம் பீர் தெளிந்து வந்தது. முதல் கிளாஸைத் தொரை அவர் கையில் கொடுத்துத் தோளில் தட்டினார். அந்தத் தோள் தட்டலை அவர் எங்களுக்கு மூன்று தடவை சொன்னார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து நான் போத்தல்களை எடுத்தபோது சித்தியின் போத்தலுக்குள் மருந்து அசையவில்லை. கல்லாக இருந்தது. மற்ற இரண்டும் பாதி உறைந்திருந்தன. எனக்குப் பதற்றம் எதுவும் வரவில்லை, அதுதான் உண்மை. நல்ல குளிரில் இருக்கிறது, கெட்டுப்போகாது என்றுதான் நினைத்தேன். விறாந்தைப் படியில் உட்கார்ந்து, போத்தலை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, சப்பாத்தி மாவு உருட்டுகிற மாதிரி உருட்டினேன். ஐஸ் போனது. உள்ளே மாவுத்தூள் போல ஏதோ மிதந்தது. குலுக்கினேன், கலந்துவிட்டது. அன்று ஊசி போட்டதும் சித்தி சொன்னாள்: "இன்னைக்கு வலிக்கவே இல்லடி. ஒன் கை சூடு அதுல இருந்திச்சு." அதன் பிறகு தினமும் உருட்டினேன். அவளுக்கு வலிக்கக் கூடாது என்று உருட்டினேன்.

ஒரு மாதத்துக்குள் சித்தி குடத்துத் தண்ணீரைக் குடித்துத் தீர்க்க ஆரம்பித்தாள். மெலிந்தாள். மலையில் கல் குத்திய கால்விரல் ஆறவில்லை, நான் கழுவக் கழுவக் கறுத்தது. "ஊசி போடுறோமே, சரியாகிடும்" என்று அவளுக்கு நானே தைரியம் சொன்னேன். காய்ச்சலில் பிதற்றத் தொடங்கிய அன்று லொறியில் ஏற்றி இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். எடுத்தும் விஷம் ஏறுவது நிற்கவில்லை.

அங்கே ஒரு இளம் டாக்டர் பாதி சிங்களத்திலும் பாதி தமிழிலும் எங்களிடம் விசாரித்தார். ஊசி தவறாமல் போட்டீர்களா? போட்டோம். மருந்து எங்கே வைத்தீர்கள்? பிரிட்ஜில். அவர் சற்று யோசித்து, "ஐஸ் ஆகவில்லையே? ஒரு தடவை உறைந்தாலும் அந்த மருந்தை வீசிவிட வேண்டும். பிறகு போட்டாலும் வேலை செய்யாது" என்றார். நான் சித்தப்பாவைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தது மட்டும் தெரிந்தது. "இல்ல டாக்டர்" என்றேன். சித்தி நாலாம் நாள் போய்விட்டாள். மற்ற இருவரின் போத்தல்களை நான் திரும்பிய அன்றே குழியில் கொட்டினேன். கிளினிக்கில் புதிது வாங்கி, மேட்டுக்குக் கொண்டுபோகாமல் டிஸ்பென்சரியிலேயே மண்பானையில் வைத்துக் கொடுத்தேன். அவர்கள் தப்பினார்கள். அதற்கு நன்றி என்று என்னிடமே சொன்னார்கள்.

பெரிய தொரை மாற்றலாகிப் போகும்போது பீப்பாயும் குழாயும் அவரோடு போயின. பிரிட்ஜை சித்தப்பாவுக்குக் கொடுத்தார், பரிசாக. அவர் வேண்டாமென்று சொல்லவில்லை. வீட்டில் வைத்து, திருகியை மூன்றில் நிறுத்தி, கிளாஸில் தண்ணீர் வைத்தார். நான் முதல் லீவுக்கு வந்தபோதுதான் ஒரு கேள்வி கேட்டார்: "ஐஸ் புடிச்சிருந்தா ஒன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே பாப்பா?" தெரிந்திருக்கும் சித்தப்பா, ஒன்றும் இல்லை என்றேன். அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். திருகியைத் திருப்பியது அவர் கை. ஐஸ் இல்லை என்று நான் சொல்லும் வரைக்கும் அந்தக் கை சும்மா ஒரு திருகியைத்தான் திருப்பியது. என் பொய்யில் அவரும் நின்றார், நானும் நின்றேன். எது முதலில், யாருக்காக என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

போன சித்திரை லீவுக்குப் போனேன். வழக்கம்போலக் கூப்பிட்டார். தண்ணீருக்குள் விரலை விடப் போனேன், விரல் முட்டியது. கிளாஸ் முழுக்க ஐஸ். திருகி கடைசி நம்பரில் இருந்தது.

"நாந்தான் திருப்பி வச்சேன்" என்றார். "போன கெழமை பங்களா அப்பு வந்துட்டுப் போனாரு. பழைய கதையெல்லாம் பேசிக்கிட்டிருந்தோம். ஒன்னையப் பத்தியும் சொன்னாரு. விறாந்தையில ஒக்காந்து தெனமும் போத்தல் உருட்டுவியாம்."

கிளாஸை வெளியே எடுத்தார். இரண்டு கைக்கும் நடுவே வைத்து மெதுவாக உருட்டினார். வயர்மேனின் காய்ப்பேறிய கை, சூடு ஏறுவதற்கு நேரம் எடுத்தது. ஓரத்தில் ஐஸ் இளகி விரலிடுக்கால் தண்ணீர் வடிந்தது.

"இப்பிடித்தானே பாப்பா?"

"ஆமா சித்தப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். ஐஸை வாசலில் கொட்டிவிட்டு வந்து, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கிளாஸை நிரப்பி மேல் தட்டில் வைத்தார். திருகியை மூன்றுக்குக் கொண்டு வந்தார். கதவைச் சாத்தி, நழுவியிருந்த பனியன் துணியை ஓட்டைக்குள் விரலால் அழுத்தி விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு லீவு வந்து போய்விட்டது. போகிறேன். தேத்தண்ணி தருகிறார், பள்ளிக்கூடம் எப்படி என்று விசாரிக்கிறார், பஸ் ஏறும் வரைக்கும் கூடவே வந்து நிற்கிறார். பிரிட்ஜ் மூலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வந்து பார் என்று மட்டும் கூப்பிடுவதில்லை.