வெள்ளிக்கிழமைச் சாவி

என் அம்மா மீன் விற்பவள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் எடுத்து, ராயபுரத்தில் ஒரு தெருமுனையில் உட்கார்ந்து விற்பாள். ஏலத்தில் அவளைப் பார்க்க வேண்டும். எந்தக் கூடை வேண்டுமோ அதைத்தான் வாய் ஓயாமல் திட்டுவாள். "கண்ணு கலங்கிப் பூட்ச்சி, செவுளு வெளுத்துப் பூட்ச்சி, இத்த எவ வாங்குவா?" மற்றவர்கள் தயங்குவார்கள், விலை ஏறாது, கூடை அவளிடம் வந்துவிடும். அங்கே எல்லாப் பெண்களும் இதைத்தான் செய்கிறார்கள். எல்லாருக்கும் இது தெரியும். இருந்தும் எப்படியோ பலிக்கிறது.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஏலம் முடிந்ததும் தோற்றவள் ஜெயித்தவளிடம் போய், "நல்ல சரக்கு, ராசியா விக்கட்டும்" என்று சொல்லிவிட வேண்டும். திட்டின வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் போகிறவளை அடுத்த நாள் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள்.

அப்பா ஒரு கப்பல் ஏஜென்சியின் பழைய ஆபீசில் வாட்ச்மேன். துறைமுகத்தை ஒட்டிய வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். அதன் பின்சுவரை ஒட்டியிருந்த ஒற்றை அறைதான் எங்கள் வீடு. ஆபீஸ் கூடத்தில், ஆள் உயரத்துக்கும் மேலாக, மரப்பெட்டியோடு ஒரு நிலைக்கடிகாரம் நின்றது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம். வாரம் ஒரு முறை அதற்குச் சாவி கொடுக்க வேண்டும். கொடுத்தால் பெட்டிக்குள் தொங்கும் ஈயக் குண்டுகள் கரகரவென்று மேலே ஏறும். அந்த வேலை அப்பாவுடையது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்து, விபூதி பூசிக்கொண்டு போய்ச் சாவி கொடுப்பார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. மணியடிக்கும் சத்தம் சுவர் வழியாக எங்கள் அறைக்குள் வரும் என்பதால் நாங்கள் வீட்டுக்கென்று கடிகாரமே வாங்கவில்லை.

அப்பா ஒரு வியாழக்கிழமை நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மறுநாள் அழுது வீங்கிய முகத்தோடு அம்மா போய்ச் சாவி கொடுத்துவிட்டு வந்தாள். துக்கத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஆபீஸ் மேனேஜர் நல்ல மனிதர், அவளைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சாவி அம்மாவின் சுருக்குப் பையிலேயே தங்கிவிட்டது.

பிறகு கம்பெனி இடம் மாறியது. நாங்கள் திருவொற்றியூரில் வாடகைக்கு வந்தோம். கட்டடத்தைப் பூட்டிவிட்டார்கள். சில மாதங்கள் கழித்து, ஆபீசிலிருந்த பழைய பொருள்களையெல்லாம் அங்கேயே ஏலம் விடப்போவதாக வாசலில் பேனர் கட்டியிருந்தது. அம்மா பார்த்துவிட்டு மூச்சு வாங்க வந்தாள்.

"அந்த மணிக் கடியாரத்த நாம எடுத்துடலாம்டி. வேற எதுவும் எனக்கு வேணாம்."

அவள் சேமிப்பையும் என் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனோம். கூடம் முழுக்கத் தேக்கு மேசைகள், பித்தளை விளக்குகள், கண்ணாடி அலமாரிகள், பீங்கான் ஜாடிகள். எல்லாவற்றிலும் நம்பர் ஒட்டியிருந்தது. தென்சென்னைப் பக்கமிருந்து காரில் வந்தவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டு நடந்தார்கள். கடிகாரத்தில் ஒரு சீட்டு. 'ஓடவில்லை, சாவி இல்லை' என்று அதில் இருந்ததை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. அப்பா போன பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. அவள் இடுப்புப் பையை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

கடிகாரத்தின் பக்கம் யாருமே வரவில்லை. அன்று அம்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். கடிகாரம் எங்களுக்கே வந்திருக்கும்.

கதர்ச் சட்டை போட்ட ஒருவர் கடைசியில் அந்தப் பக்கம் வந்தார். உடனே காசிமேட்டு வாய் திறந்துகொண்டது.

"உனக்கு இன்னாத்துக்கு சார் இது? கால பாரு, பூச்சி அரிச்சிகீது."

அவர் குனிந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார். "பழைய அரிப்புதான்."

"நான் கல்யாணம் ஆயி வந்த நாள்லேர்ந்து இது ஒரு சொட்டு வார்னிஷ் கண்டதில்ல. முள்ளு, மிஷினு, குண்டு, ஒண்ணுகூட மாத்தல. வெள்ளக்காரன் வெச்சிட்டுப் போனது அப்பிடியே கீது."

"எதையுமே மாத்தலையாம்மா? நிச்சயமா தெரியுமா?"

"சத்தியமா சார்! எம் புருசன்தான் கூடவே இருந்து பார்த்துகினாரு."

அவர் நன்றி சொல்லிவிட்டுத் தள்ளிப்போய் யாருக்கோ போன் செய்தார். சத்தம் கேட்டு இன்னும் இருவர் வந்தார்கள். அவர்களுக்கும் அம்மா ஒன்று விடாமல் குற்றம் சொன்னாள். அவள் சாமர்த்தியத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பாக வந்தது. பாலிஷ் போடாததும் எதையும் மாற்றாததும்தான் அந்தப் பொருளுக்கு விலை என்பது அப்போது எங்கள் இருவருக்கும் தெரியாது. நேற்றைய மீனைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டே பழகியவர்கள் நாங்கள்.

ஏலம் தொடங்கியது. மற்றவர்கள் நம்பர் அட்டையைத் தூக்கினார்கள். அம்மா அட்டையை மடியில் வைத்துக்கொண்டு விலையைக் கத்தினாள். அவள் இரண்டாவது முறை கத்துவதற்குள் விலை எங்கள் கையிருப்பைத் தாண்டிவிட்டது.

"பூச்சி அரிச்ச கட்டைக்கா இம்மாம் வெல?" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி.

சிலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஆனாலும் எனக்கு அவர்களை அறைய வேண்டும் போல இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்தேன். ஐஸ் பெட்டிக்குள் விட்டு எடுத்தது போலச் சில்லிட்டிருந்தது. கதர்ச் சட்டைக்காரர் பெயருக்குக் கடிகாரம் போனது.

வா போகலாம் என்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அவரிடம் போனாள். சண்டை போடப் போகிறாள் என்று பயந்து பின்னாலேயே ஓடினேன்.

"நல்ல சரக்கு நைனா. ராசியா இருக்கட்டும்" என்றாள். பிறகு சுருக்குப் பையைத் திறந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "கெட்டுப்பூட்ச்சின்னு நெனச்சிக்காத. சாவி குடுத்தா நல்லா ஓடும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம குடு. தூக்கும்போது குண்டக் கழட்டிட்டுத் தூக்கு."

அவர் தலையை ஆட்டினார்.

அம்மா வாசலில் போய் உட்கார்ந்தாள். கடிகாரத்தை எங்கே வைப்பீர்கள், ஒரு நாள் அம்மாவைக் கூட்டி வந்து காட்டலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு ஓட்டலுக்காக வாங்கியிருக்கேம்மா. முன் ஹால்ல அழகுக்கு நிறுத்தப்போறாங்க. ஓட விட மாட்டாங்க. மணிக்கு மணி அடிச்சா தங்குறவங்களுக்குத் தொந்தரவுன்னு சொல்லிட்டாங்க. சாவியைப் பக்கத்துல கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க. அம்மாகிட்ட சொல்ல வேணாம்."

நான் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது அவளிடம் கோபப்பட்டேன். சாவியையாவது அப்பா ஞாபகமாக வைத்திருக்கலாமே என்றேன்.

அம்மா ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சாவிய வெச்சிகினு நான் இன்னா பண்ணுவேன்? அது நின்னுபூடும்டி. உங்கப்பா ஓட வெச்சது. யார் வூட்லனா இருக்கட்டும், ஓடிகினு இருக்கட்டும்."

இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மீன் கூடையை இறக்கி வைத்ததும் முதல் வேலையாக என்னைக் கேட்கிறாள்.

"இந்நேரம் சாவி குடுத்திருப்பான் இல்ல?"

"குடுத்திருப்பாரும்மா" என்கிறேன்.