பெல்டன் வீட்டுப் பெயர்

அருமைராசா பெல்டன் சோற்றைப் பிசைந்தபடி யோசியா பெல்டனின் இரண்டாம் தாரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். "பாவமப்பா அந்தப் பெம்பிளை. ஒரே விண்டருக்குள்ள மூண்டு பிள்ளையளையும் அம்மை கொண்டுபோட்டுது." ஏதோ பக்கத்து வீட்டுச் சாவைச் சொல்வது போலிருக்கும். யோசியாவோ, அமெரிக்கா ஆங்கிலேயர் கையில் இருந்த காலத்தில் பீப்பாய் செய்தவர்.

"செத்த சனத்தை விட்டிட்டுச் சாப்பிடுங்கோ," என்பாள் மனைவி செல்வமலர்.

அருமைராசா யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டைக்காரர். புலம்பெயர்ந்து வந்த லாசால் நகரில் ஒரு தொழிற்சாலையில் யன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறார். "எங்கட பரம்பரையில ஒரு வெள்ளைக்காரன் இருந்தவன்" என்று தகப்பன் சொன்னதை அப்படியே நம்பியவர். கோடை விடுமுறை வந்தால் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போய், பெல்டன்களின் கல்லறைகளில் பாசி சுரண்டிப் பெயர் வாசிப்பார். பெல்டன் எந்த ஆங்கிலக் கிராமத்துப் பெயர் என்று கேட்டால் நின்ற நிலையில் சொல்வார்.

போன ஆண்டு அங்கே வெர்மொண்ட் மாநிலத்தில் அந்தக் குடும்பத்துக் கிழவி ஒருத்தியைக் கண்டுபிடித்தார். செல்வமலர் சுட்ட பயத்தம் பணியாரத்தோடு இருவரும் போனார்கள். கிழவி அன்பாகத்தான் சொன்னாள். யோசியாவின் வழியில் டானியல் என்றொரு சிறுவன் காய்ச்சலில் இறந்துபோனான். அவன் நினைவாகத் தாய் யாழ்ப்பாணத்து மிஷனுக்குப் பணம் அனுப்பினாள். விடுதியில் இருந்த ஒரு தமிழ்ப் பையனுக்கு அங்கே டானியல் பெல்டன் என்று பெயர் வைத்தார்கள். அவன்தான் அருமைராசாவின் பூட்டனைப் பெற்றவன். இரத்த உறவு எதுவும் இல்லை.

அந்தப் பையனுடைய சொந்தப் பெயர் என்ன என்று அருமைராசா கேட்டார். கிழவி இரு கைகளையும் விரித்தாள்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். "செத்த பெடியன்ர பேரை ஐஞ்சு தலைமுறையாச் சுமந்திருக்கிறம், மலர். பீப்பாய்க்காரன்ர பிள்ளையளின்ர பேரெல்லாம் எனக்குப் பாடம். எங்கட பெடியனைத் தாய் என்னெண்டு கூப்பிட்டவள்?"

ஊரில் இருக்கும் தமையனிடம் கேட்டார். "கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தாப் பிறகு பழைய பேர் என்னத்துக்கடா?" என்று அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். வேறு கேட்க ஆளில்லை. சாப்பாட்டு மேசையில் இப்போது கதை இல்லை. "யோசியாவைப் பற்றியாவது சொல்லுங்கோவன்," என்று செல்வமலரே கெஞ்சிப் பார்த்துவிட்டாள்.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். சுழித்து இரைந்து ஓடும் தண்ணீரின் ஓரத்துக்கு அவர் தனியே இறங்கினார். "முருகேசு!" என்று கூப்பிட்டார். சற்றுப் பொறுத்து, "கந்தையா!" பிறகு, "வேலுப்பிள்ளை!" ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், விளையாடப் போன பிள்ளையைத் தேடுபவர் போல, காதோரம் கையை வைத்துக்கொண்டு நின்றார்.