சட்டைப் பையில் பச்சை மிளகாய்

பரளச்சியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போகும் மினி பஸ்ஸில், டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டு கிடைத்தது. காலை பத்து மணிதான். டிரைவருக்குத் தடித்த கழுத்து, சிவந்த கண்கள், சட்டைப் பை நிறையப் பச்சை மிளகாய். கொட்டாவி வரும்போதெல்லாம் மனிதர் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

“ராத்திரி தூங்கலையாண்ணே?” என்று கேட்டேன்.

“தூக்கத்துக்கு என்ன கொறச்சலு? நான் விடுற கொறட்டையில தெருவே முழிச்சுக் கெடக்கும். நடுவுல மூச்சு நின்னுபோகுமாம். வீட்டுக்காரி உலுக்குனா திரும்ப வரும்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே வியாதிக்குத்தான் நான் தினமும் மூக்கில் முகமூடி மாட்டி, காற்று தரும் மெஷினோடு தூங்குகிறேன். அது இல்லாவிட்டால் எவ்வளவு தூங்கினாலும் பகலில் கண் சொக்கும்.

“இப்பவும் உலுக்குறாகளா?”

“அவ எங்க இருக்கா? மக பிரசவத்துக்குத் திருப்பூர் போயிட்டா. வர ரெண்டு மாசமாகும்.”

எங்கள் முதுகுக்குப் பின்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

இறங்கும்போது, “அது தூக்கமில்லண்ணே, வியாதி. வைத்தியம் இருக்கு, இன்னைக்கே போங்க” என்று என் டாக்டரின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

“கொறட்டைக்குப் போயி ஆஸ்பத்திரியா!”

சிரித்துக்கொண்டே, மிச்ச மிளகாயை அந்தச் சீட்டில் பொதிந்து பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கொட்டாவிக்கு அதை நிச்சயம் பிரித்திருப்பார். படித்தாரா என்றுதான் தெரியவில்லை.