அத்தானும் கறுப்புப் புழுக்களும்

என் அக்காவின் வீட்டுக்காரரைத் தோட்டத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘டேங்க்கு’ என்றுதான் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடம் பூச்சிமருந்துத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு தேயிலைக்கு அடித்தவர். தொட்டியை இறக்கி வைத்து மூன்று வருடம் ஆகப்போகிறது, இன்னும் கொஞ்சம் முன்னால் குனிந்துதான் நடக்கிறார். எனக்கும் அவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஏழாம் பொருத்தம். ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே தோட்டத்தில் வேலை; நான் ஆலையில் இலை உருட்டும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். அவரைச் சீண்டாமல் எனக்குக் காலை காப்பி இறங்காது.

மூன்று வருடத்துக்கு முன்னால் முதலாளியம்மா தோட்டத்தை இயற்கை முறைக்கு மாற்றினார். ரசாயனம் ஒரு சொட்டுக்கூடப் படாமல் மூன்று வருடம் ஓட்டினால்தான் சான்றிதழ் தருவார்கள். நடுவில் ஒருதரம் அடித்தாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும். அத்தானைத் தோட்டத்தின் மேல்பகுதியான மேட்டுக்காட்டுக்குப் பொறுப்பாகப் போட்டார். வேலை இதுதான்: வரிசை வரிசையாகப் போய் இலையைத் திருப்பிப் பார்த்து, என்ன பூச்சி, எத்தனை என்று சொல்ல வேண்டும்.

“பூச்சியப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்கறது ஒரு வேலையா மாப்ள? கை பரபரங்குது.”

“இத்தன நாள் அடிச்சீங்கல்ல அத்தான், இப்ப உக்காந்து சமாதானம் பேசுங்க” என்றேன். மனுஷன் அன்றைக்கெல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருடம் முடிய நாலு மாதம் இருந்தபோது வந்தது வினை. மேட்டுக்காட்டைக் கவாத்து வெட்டி, குச்சியாக நின்ற செடிகள் துளிர்க்கிற சமயம். புதுத் துளிரெல்லாம் செடிப்பேன் அப்பிக்கொண்டது. கொழுந்து சுருண்டு, தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டியது. முதலாளியம்மா வந்து பார்த்தார். “ரெண்டு வாரம் பொறுக்கறேன். அதுக்கு மேல விட்டா தோட்டம் பூரா பரவிடும். அப்புறம் மருந்துதான், வேற வழியில்ல” என்றார். இத்தனை பேர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்த மூன்று வருடமும் தன் காட்டில் போய்விடுமே என்று அத்தானுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளே எதிரியைக் கண்டுபிடித்துவிட்டார். பேன் மொய்த்த கொழுந்திலெல்லாம் ஒரு புழு இருந்தது. கறுப்பு, உடம்பெல்லாம் முள், முதுகில் ஆரஞ்சுத் திட்டு, ஆறு கால். பார்த்தாலே உடம்பு கூசும். “இவன்தான் மாப்ள எல்லாத்துக்கும் காரணம்!” மருந்துதான் கூடாது, கையால் பிடிக்கலாம் அல்லவா? நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் ஒவ்வொன்றாகப் பிடித்து சோப்புத் தண்ணீரில் போட்டார். பெரிய வாளியில் ஒன்றரை வாளி. லீவு நாளில் நானும் போய் ஒரு டப்பா நிரப்பினேன். எனக்கு அதில் ஒரு குஷி, மறைப்பானேன்.

அந்த வாரம் வெளியூர் போயிருந்த முதலாளியம்மாவிடம் காட்டுவதற்காக, அத்தான் பேன் மொய்த்த கொழுந்தோடு ஆறு புழுக்களை ஒரு பாட்டிலில் போட்டுச் சமையலறை ஜன்னலில் வைத்தார். மேட்டுக்காட்டிலோ பேன் குறையவில்லை, நாளுக்கு நாள் பெருகியது. பாட்டில் புழுக்கள் இலையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. செத்துவிட்டது, தூக்கி எறியுங்கள் என்று அக்கா தினமும் கத்தினாள். அவரும் எறியவில்லை, அவளும் எறியவில்லை.

சனிக்கிழமை காலை அக்கா போட்ட சத்தத்தில் ஓடினேன். ஒரு புழுவின் தோல் வெடித்து, உள்ளிருந்து ஏதோ வெளியே வந்துகொண்டிருந்தது. ஈரமாக, வெளிர்மஞ்சளாக, உருண்டையாக. ஒரு புள்ளி இல்லை. மூன்று பேரும் ஜன்னலில் தலையை முட்டிக்கொண்டு நின்றோம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, யாரும் நகரவில்லை. மெல்ல மெல்ல மஞ்சள் சிவந்தது. அப்புறம் அந்தச் சிவப்புக்குள்ளிருந்து கறுப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. யாரும் வைக்காத பொட்டு, தானாக வருகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த வயதில் இப்படி வாயைப் பிளந்து நின்றதில்லை.

“பொறிவண்டுல்ல இது?” என்றாள் அக்கா. பொறிவண்டு செடிப்பேனைத் தின்னும், தொடாதீர்கள் என்று முதலாளியம்மா எங்களுக்குப் படம் காட்டிச் சொல்லியிருந்தார். அதன் குஞ்சு எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அக்கா பாட்டிலைக் கையில் எடுத்தாள். “ஏங்க, இந்தக் கொழுந்துல இருந்த பேன் எல்லாம் எங்க?”

ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்தாற்போல் இருந்தது இலை. அத்தான் பாட்டிலை வாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

முதலாளியம்மா முந்தின இரவுதான் ஊர் திரும்பியிருந்தார். அரைமணி நேரத்தில் அத்தான் அவர் முன்னால் நின்றார். நானும் கூடப் போனேன். சுற்றி வளைக்கவில்லை. “நம்ம காவலாளிங்களத்தான் கொன்னிருக்கேன்மா. ஒன்றரை வாளி” என்றார். அந்தம்மா பாட்டிலை வாங்கிப் பார்த்தார். “திங்கக்கிழமை மருந்தடிக்க ஆள் சொல்லியாச்சு. வேணாம்னு திருப்பி அனுப்ப எனக்கு ஒரு காரணம் காட்டுங்க” என்றார்.

ஓடைக்கரையில் களை மண்டிய ஒரு துண்டு இருந்தது. அசிங்கமாக இருக்கிறது, வெட்டிவிடலாம் என்று அத்தான் வருடக்கணக்காக நச்சரித்த இடம். அங்கே போய்ப் பார்த்தால் தண்டெல்லாம் கறுப்புப் புழு! இரண்டு நாள் மூன்று பேரும் அவற்றை மேட்டுக்காட்டுக்குச் சுமந்தோம். விரலால் தொட அத்தானுக்குப் பயம், நசுங்கிவிடுமாம். பெயிண்ட் பிரஷ்ஷால் இலைக்குத் தள்ளி, இலையோடு ஏந்திக்கொண்டு ஏறுவார். தொட்டி தூக்கி மேடேறிய அதே ஆள், பத்துப் புழுவுக்கு மூச்சு வாங்கினார். நான் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை.

திங்கட்கிழமை காலை மருந்தடிக்கிறவர்கள் நாலு பேர் தொட்டியோடு வந்து நின்றார்கள். முதலாளியம்மா லென்சோடு வரிசைக்குள் இறங்கினார். பேன் போய்விடவில்லை, பெரும்பாலான செடியில் அப்படியேதான் இருந்தது. ஒரு கொழுந்தின் முன்னால் நின்றார், நின்றவர் நகரவில்லை. நானும் எட்டிப் பார்த்தேன். புழு ஒரு பேனைப் பிடித்து, தின்று, அடுத்ததற்கு நகர்ந்தது. அது கடந்து வந்த தண்டு பேன் இல்லாமல் பச்சையாக இருந்தது.

“இது எல்லாத்தையும் முடிக்க எத்தன நாளாகும்?”

“தெரியலம்மா. அதுங்க சாப்பிடற வேகந்தான்.”

அவர் லென்சை மடித்தார். “நீங்க போலாம்ப்பா” என்றார் வந்தவர்களிடம்.

நாலு பேரும் நிறைந்த தொட்டியோடு, முன்னால் குனிந்தபடி சரிவில் இறங்கிப் போனார்கள். அத்தான் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்த முகமாக இல்லை அது.

“கையால மூணே நாள், ஒன்றரை வாளி” என்றார். “மருந்துல இருபத்திரண்டு வருஷம் மாப்ள. எத்தன இருக்கும்?”

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.