ஷீட்டு வீட்டுக்கு மாடி வரி

என் வீட்டு மாடிக்கான வரியைப் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா கட்டினாள். அது எனக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன்... இன்றைக்கும் மூடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சொல்லிவிட்டேன். காறித் துப்ப வேண்டுமென்றால் இப்போதே துப்பிவிடுங்கள். ஆனால் துப்பிய பிறகு மிச்சத்தையும் படிக்க வேண்டும்!

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். காசிமேட்டில் இறால் உரிக்கப் போனேன். படிப்பில் வாங்காத பட்டத்தைப் பயத்தில் வாங்கியிருக்கிறேன். கேஸை மூடினேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன், மூடியிருக்கும். நான் மூடியதாக நினைவில்லையே, அப்படியானால் யார் மூடினார்கள் என்று அடுத்த பயம் பிடிக்கும்... அப்படிப்பட்ட ஜென்மம்.

திருவொற்றியூரில், நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் தெரு. ஒரே ஆளிடம், முனுசாமி என்பவரிடம், நாங்கள் ஒரு வீடும் பாக்கியம் அக்கா அடுத்த வீடும் வாங்கினோம், அப்போது இரண்டுமே ஷீட்டு வீடு. வரி மட்டும் கடைசிவரை முனுசாமி பெயரிலேயே நின்றது, இரண்டு வீட்டுக்கும். எங்கள் பக்கத்தில் யாரும் அதை மாற்ற அலைய மாட்டார்கள். ரசீது வருகிறதா, போதும். போய்ச் சேர்ந்த மனிதர் பெயரில் வரி கட்டுவது எங்களுக்குக் கூச்சமே இல்லாத காரியம்.

சுனாமிக்குச் சில வருடங்கள் முன்னால் தெருவுக்குப் புதிய எண் போட்டார்கள். அதுவரை கடல் பக்கமிருந்து எண்ணிய தெருவை நெடுஞ்சாலைப் பக்கமிருந்து எண்ணினார்கள். எங்கள் நாலு ஒன்பதாயிற்று. அக்காவின் ஐந்து எட்டாயிற்று. கதவில் பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார்கள். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

அதற்கப்புறம்தான் நாங்கள் ஷீட்டைப் பிரித்துத் தளம் போட்டு மாடி எடுத்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறவர். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி எடுத்த மாடி. மணலி கம்பெனியில் வேலை செய்யும் பையன்களுக்கு வாடகைக்கு விட்டோம். பிளான்? வாங்கவில்லை. எங்கள் தெருவில் யார் வாங்கினார்கள்?

ஒருநாள் டேப்போடு வந்து ஒருவர் மாடியை அளந்துகொண்டு போனார். சரி, வரி ஏறப்போகிறது என்று காத்திருந்தேன். ஏறவில்லை! அடுத்த அரையாண்டிலும் ஏறவில்லை! எனக்குத் தூக்கம் போயிற்று.

"வரி ஏறிட்சின்னு அழுவுறவன பாத்துகிறேன். ஏறலன்னு அழுவுற ஒரே ஆளு நீதாண்டி நிம்மி!" என்று என் வீட்டுக்காரர் கலாய்த்தார். "பேசாம கெட. அவனே மறந்துட்டான், நீ போய் ஞாபகப்படுத்தாத."

கேட்கிற ஆளா நான்? பிறகு மொத்தமாகப் போட்டுத் தீட்டுவார்களோ என்ற பயத்தில், பழைய ரசீதைப் பர்சில் வைத்துக்கொண்டு வரி ஆபீசுக்குப் போனேன்.

அங்கே போனால் முதல் கேள்வியே, "பழைய நம்பரா, புது நம்பரா?" என்பதுதான். இரண்டையும் சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் ஊரான் வீட்டைக் காட்டுவார்கள். ரசீதின் மேலே இருக்கும் வரி எண்தான் அந்த வீட்டின் பேர் மாதிரி. அதைச் சொன்னால் வீடு எவ்வளவு பெரியது, கூரை ஓடா ஷீட்டா கான்கிரீட்டா, மாடி உண்டா, குடியிருக்கிறார்களா வாடகையா... எல்லாம் ஒரே வரியில் வந்துவிடும். பார்க்கத் தெரிந்தால் போதும். பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

கிளார்க் ரிஜிஸ்டரில் விரல் வைத்த இடத்தை நானும் எட்டிப் பார்த்தேன்.

பழைய நாலுக்குப் புதிய எட்டு, ஐந்துக்கு ஒன்பது என்று யாரோ வரிசையாக எழுதிவைத்திருந்தார்கள். தெருவைத் திருப்பி எண்ணியது எழுதியவருக்குத் தெரியாது போல. பில் கலெக்டர் பழைய எண்ணைச் சொல்லிக் கதவைத் தட்டுவார். அளக்க வந்தவரோ கதவிலிருந்த புதிய ஒன்பதைக் குறித்துக்கொண்டு போயிருந்தார். இந்தக் கணக்கில் ஒன்பது என்றால் அக்கா வீடு. என் மாடி முழுசாக அக்காவின் கணக்கில் போய் உட்கார்ந்திருந்தது! 'கான்கிரீட், மேல்மாடி, வாடகை'... பாக்கியம் அக்காவின் தலையில்!

ரசீதை மடித்துப் பர்சில் வைத்தேன். கிளார்க் நிமிர்ந்து பார்த்தார்.

"உன்னோடது எட்டாம் நம்பர், ஷீட்டு வீடுதானேம்மா? கம்மியாத்தான் வரும். இதுக்கா இம்மாந்தூரம் வந்த?"

"ஆமா சார்" என்றேன்.

அவ்வளவுதான். அந்த ஒரு 'ஆமா'தான் என் குற்றம். நான் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை, எதையும் அழிக்கவில்லை, யாருக்கும் காசு அழுத்தவில்லை. தப்பாக எழுதியவர் எங்கேயோ சுகமாக இருப்பார். நான் மட்டும் எதற்குக் கூனிக் குறுக வேண்டும்?

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் என்ன ஆகும்? திரும்ப டேப்போடு வருவார்கள். பிளான் எங்கே என்பார்கள். விட்டுப்போன வரிக்கு அபராதம் போடுவார்கள். மாடியை இடி என்றால்? அந்த வாடகையில்தான் என் பையன் பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்தான். உங்கள் வீட்டில் எல்லாச் சுவரும் பிளானில் இருக்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்!

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை...

பாக்கியம் அக்கா இஸ்திரி வண்டி வைத்திருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள் சாந்தியை மணலி புதுநகரில் கட்டிக்கொடுத்திருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. கரி படிந்த கையோடு ஒருநாள் ரசீதைத் தூக்கிக்கொண்டு என்னிடமே வந்தாள். தெருவில் படித்துச் சொல்கிறவள் நான்தானே!

"இன்னாடி நிம்மி இது? ஷீட்டு வூட்டுக்கு இவ்ளோ வரியா? என் தலைக்கு மேல இன்னா கீது? காக்கா கீது, ஆகாசம் கீது. அதுக்கும் சேத்துப் போட்டானுங்களா?"

எங்கள் மாடிப் படியின் கீழே நின்றுகொண்டுதான் கேட்டாள்.

"எல்லார்க்கும் ஏத்திட்டாங்கக்கா" என்றேன்.

"உனுக்கும் ஏறிச்சா?"

"...ஏறிச்சிக்கா."

"த்தோடா! மாடி வூட்டுக்காரிக்கும் பேஜாருதான்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அந்தச் சிரிப்பை நான் மறந்துவிட்டேன் என்று உங்களிடம் சொல்லலாம். சொன்னால் நம்புவீர்களா?

சில தவணைகள் இழுத்துப் பிடித்துக் கட்டினாள். பிறகு, முடியாது என்று சொல்லிவிட்டாள். நோட்டீஸ் வந்தது. அதை வண்டியில் சட்டைக்கு அடியில் விரித்து இஸ்திரி போட்டாள். கடைசியில் குடிநீர்க் குழாயை வெட்ட ஆள் வந்தது. தெருவே கூடிவிட்டது.

"வெட்டு நைனா, வெட்டு! அப்டியே என் ஆகாசத்தையும் வெட்டிக்கினு போ. அதுக்கும் சேத்துத்தான் துட்டு வாங்கின!" என்று அக்கா இடுப்பில் கைவைத்துக் கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் யாராவது என் முகத்தைப் பார்ப்பார்களே!

அன்றிலிருந்து அவளுக்குத் தண்ணீர் என் வீட்டில்தான். அவள் கேட்கவில்லை. நானே போய்க் கூப்பிட்டேன். தினமும் விடிந்ததும் மோட்டார் போட்டு முதல் குடம் அவளுக்குத்தான் பிடிப்பேன். தெருவில் வேறு யார் கொடுத்தார்கள், சொல்லுங்கள்! அம்மன் கோயிலுக்கு மைக் செட் வாங்கிக் கொடுத்தவர்கள்கூட ஒரு சொம்பு கொடுக்கவில்லை.

பாக்கியில் பாதியை நான் கட்டுகிறேன் என்றுகூட ஒருதரம் கேட்டுப் பார்த்தேன்.

"உன் துட்டு எனுக்கு எதுக்குடி? நீ இன்னா எங்கிட்ட கடன் பட்டுகிறியா?"

அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

போன வாரம் சாந்தி வந்திருந்தாள். என் குழாயடியில்தான் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். சாந்தி கெட்டிக்காரி. "யம்மா, ஆபீசுல போய்க் கேட்டா எந்த வூட்டுக்கு இன்னா வரின்னு காட்டுவாங்களாம். நான் போய்ப் பாத்துட்டு வரேன். ஷீட்டு வூட்டுக்கு எப்டி இவ்ளோ வரும்?" என்றாள்.

நான் குனிந்து குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தினேன். ஆனால் உங்களிடம் எதற்கு மறைக்க... ஒரு நொடி, போகட்டும், பார்க்கட்டும், முடியட்டும் என்றுகூட இருந்தது.

அக்காதான் தடுத்தாள். "வேல வெட்டிய விட்டுட்டு உனுக்கு எதுக்குடி அந்தப் பேஜாரு? நம்ம நிம்மி அப்பவே பாத்துச் சொல்ட்டா. எல்லார்க்கும் ஏறிக்கிது."

சாந்தி என் பக்கம் திரும்பினாள். "அப்டியாக்கா?"

தண்ணீர் குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. பழைய நம்பர், புது நம்பர் இரண்டையும் கேள் என்று சொல்லியிருந்தால் போதும். முகம் தெரியாத உங்களுக்கு மேலே எவ்வளவு விளக்கமாகச் சொல்லியிருக்கிறேன்! அவளுக்கு அதில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

"ஆமா" என்றேன்.

பையன் படிப்பு முடிந்துவிட்டது, இப்போது சம்பாதிக்கிறான். வாடகை இல்லாவிட்டாலும் நாங்கள் பிழைத்துக்கொள்வோம். அப்படியென்றால் எந்தப் பயத்தில் சொன்னேன் இந்த ஆமாவை? என்னை நானே கேட்டுப் பார்த்தேன்... வரிக்குப் பயமில்லை. டேப்புக்குப் பயமில்லை. 'தெரிஞ்சிகினேவா தண்ணி ஊத்தின?' என்று அக்கா கேட்பாளே, அந்தக் கேள்விக்குத்தான் பயம்.

மன்னிப்பா? கேட்க மாட்டேன். உங்களிடம் கேட்டு என்ன பயன்? நீங்களா அந்த வரியைக் கட்டினீர்கள்?

இன்று காலையும் வந்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நீ நல்லா இருப்படி நிம்மி" என்றாள்.

இருப்பேன்! ஏன் இருக்கக் கூடாது?

அவள் போன பிறகு மோட்டாரை நிறுத்தினேனா என்று திரும்பப் போய்ப் பார்த்தேன். நிறுத்தித்தான் இருந்தது. மறுபடியும் போய்ப் பார்த்தேன்.